பக்கத்து இருக்கையில் மனைவிக்குக் குமட்டல்: பைலட் கணவருக்கு ஒரு பதில்

கேள்வி: டாக்டர், நாங்கள் டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே ஜார்ஜ்டவுனில் இருக்கிறோம். போன வருஷம் பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கினேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து செஸ்னா 172 என்ற பழைய சின்ன விமானம் ஒன்று வைத்திருக்கிறோம். ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம் மனைவியையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஃப்ரெடரிக்ஸ்பர்க் போனேன். வழியில் என்சான்டட் ராக் மலையை நன்றாகப் பார்க்கட்டும் என்று அதைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த மகள் பிஸ்கட் கேட்டாள். மனைவி திரும்பி எடுத்துக் கொடுத்தாள். அடுத்த நிமிஷமே முகம் வெளுத்து, வியர்த்து, வாந்தி. இறங்கும்வரை நிற்கவில்லை. கிளம்புமுன் ஊரிலிருந்து கொண்டுவந்த எமிசெட் ஒன்று கொடுத்திருந்தேன், பலனில்லை. இப்போது விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குள் நுழைந்து பெட்ரோல் வாசனை பட்டாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. கல்லூரி நாட்களில் வால்பாறை பஸ்ஸிலும் இப்படித்தானாம். எல்லாம் பயம்தான், நாலு தடவை பறந்தால் பழகிவிடும் என்கிறார் என் அம்மா. அக்டோபரில் மேற்கு டெக்சாஸில் இருக்கும் மார்ஃபாவுக்குப் பறந்து போக ஆசை. என்ன மாத்திரை கொடுக்கலாம்? ஜனவரியில் குளிருக்கு ஹீட்டர் போட்டுப் பறந்தபோது எனக்கே லேசாகத் தலைவலியும் குமட்டலும் வந்தது. நானும் ஒன்று போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்து ஆரம்பிக்கிறேன். மனைவியின் வாந்தி தொந்தரவுதான், ஆபத்தில்லை. ஜனவரியில் உங்களுக்கு வந்த தலைவலி அப்படி இல்லாமல் இருக்கலாம்.

விமானத்தைக் கையில் பிடித்து ஓட்டுகிறவருக்குப் பயணக் குமட்டல் வருவது அபூர்வம். அதிலும் ஹீட்டர் போட்ட நாளில் மட்டும் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடை. செஸ்னா 172 போன்ற விமானங்களில் ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது. எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றிய உறைக்குள் வெளிக்காற்றை விட்டு, அது சூடானதும் கேபினுக்குள் அனுப்புகிறார்கள். குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், புகை உள்ளே வந்துவிடும். இந்த வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. 2019 ஜனவரியில் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணம் செய்த சிறிய பைப்பர் விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அவருடைய ரத்தத்தில் 58 சதவீத ஹீமோகுளோபின் கார்பன் மோனாக்சைடோடு பிணைந்திருந்ததைப் பரிசோதனையில் கண்டார்கள்.

ஆகவே அடுத்த தடவை பறப்பதற்குள் மெக்கானிக்கிடம் சொல்லி மஃப்ளரையும் புகைக்குழாயையும் சோதித்துவிடுங்கள். கூட்டாளி நண்பர்களிடமும் சொல்லுங்கள். அவர்களும் அதே விமானத்தில்தானே பறக்கிறார்கள். இந்த வாயுவைக் காட்டுவதற்காகக் கேபினில் ஒட்டும் அட்டை வில்லைகள் நாளாவட்டத்தில் வேலை செய்யாமல் போகும், சத்தமும் போடாது. அலாரம் அடிக்கும் எலெக்ட்ரானிக் டிடெக்டர் ஒன்று வாங்கி வைப்பதுதான் சரி. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்த ரத்தமாகவே எண்ணி 98, 99 என்று காட்டும். பறக்கும்போது மறுபடி அப்படித் தலை வலித்தால் ஹீட்டரை அணையுங்கள், காற்றுத் துவாரங்களை எல்லாம் திறங்கள், பக்கத்தில் எந்த விமான நிலையம் இருக்கிறதோ அங்கே இறங்குங்கள். இறங்கியதும் நேராக எமர்ஜென்சிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் மாத்திரை போடலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில்: கூடாது. பயணக் குமட்டலுக்கான மாத்திரைகள் எல்லாமே ஏதோ ஓர் அளவில் மந்தப்படுத்தும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வும் விமானிகள் அவற்றைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதை ஏற்பதில்லை.

சரி, இப்போது உங்கள் மனைவி.

முதலில் 'பயம்' என்ற பேச்சை விடுங்கள். குமட்டலைப் பயம் அதிகப்படுத்தும், உண்மைதான். ஆனால் அதன் வேர் காதுக்குள் இருக்கிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. அவற்றுக்குள் இருக்கும் திரவம் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. அதன் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு பைகள் ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் சொல்கின்றன. காது ஒன்று சொல்லி, கண் வேறொன்று சொல்லி, இரண்டுமே மூளை எதிர்பார்த்ததோடு பொருந்தாமல் போனால் குமட்டல் வருகிறது. உள்காது அடியோடு செயலிழந்தவர்களுக்கு எவ்வளவு ஆட்டினாலும் பயண வாந்தி வராது. அதனால் இதை மனவுறுதியின் குறை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜேக் கார்ன் என்ற அமெரிக்க செனட்டர் ராணுவ விமானியாக இருந்தவர், பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். 1985-இல் டிஸ்கவரி விண்ணோடத்தில் போனபோது அவர் பட்ட பாட்டைப் பார்த்து, விண்வெளி வீரர்கள் குமட்டலின் அளவையே 'ஒரு கார்ன்' என்று கேலியாகச் சொல்லத் தொடங்கினார்கள்!

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். மாதவிடாய் நாட்களிலும் கர்ப்பத்திலும் இன்னும் கூடும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மிக அதிகம். உங்கள் மனைவிக்கு மைக்ரேன் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டுப் பாருங்கள். இருந்தால் அதற்கு முறையாக வைத்தியம் செய்தாலே விமானத்தில் பாதித் தொல்லை குறையக்கூடும். தரையில் இருக்கும்போதும் தலை சுற்றுகிறது, காதில் இரைச்சல் கேட்கிறது, ஒரு காது மந்தமாக இருக்கிறது என்றால் அது பயணக் குமட்டல் மட்டுமில்லை, நேரில் பரிசோதிக்க வேண்டும்.

அந்த சனிக்கிழமை நடந்ததற்கு வருவோம். நீங்கள் எழுதியதைப் படித்தால், அவர் வாந்தி எடுக்காமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

ஜூலை மதியம், டெக்சாஸ் ஹில் கன்ட்ரி. வெயிலில் காய்ந்த பாறையிலிருந்தும் கட்டாந்தரையிலிருந்தும் வெப்பக்காற்று தூண் தூணாக மேலே எழும்பும். என்சான்டட் ராக் ஒரே மொட்டைக் கருங்கல் மலை. சுற்றுவட்டாரத்தில் அதைப்போலச் சூடேறும் இடம் குறைவு. தாழ்வாகப் பறக்கும் சின்ன விமானம் அந்தத் தூண்களுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும். மெதுவான ஏற்ற இறக்கம்தான் குமட்டலுக்கு மிக மோசமானது. சுமார் ஐந்து விநாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் போனால் பெரும்பாலோரின் வயிறு தாங்காது. கப்பலில் நடப்பதும் இதுதான்.

இதன் மேல் வட்டமடித்தீர்கள். எவ்வளவு சாய்த்தீர்கள் என்று எழுதவில்லை. 45 பாகை என்று வைத்துக்கொள்வோம். அப்போது உடல் எடை 1.4 மடங்காகத் தெரியும். ஒரே பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் அரைவட்டக் குழாய்க்குள் இருக்கும் திரவம் கொஞ்ச நேரத்தில் குழாயின் வேகத்தோடு சேர்ந்துகொள்ளும். விமானம் சுற்றிக்கொண்டிருக்கும், காதோ நேராகப் போகிறோம் என்று சொல்லும். சரியாக அந்த நேரத்தில் மகள் பிஸ்கட் கேட்கிறாள். அம்மா கழுத்தைப் பின்னால் திருப்பி, குனிந்து, பைக்குள் தேடுகிறார். இதுவரை சுழற்சியில் சிக்காத வேறொரு குழாய் இப்போது சுழலும் தளத்துக்குள் வருகிறது. திடீரென்று தலைகீழாகப் புரள்வது போல இருக்கும். கொரியோலிஸ் மாயை என்று இதற்குப் பெயர். அனுபவமுள்ள விமானிகளையே கதிகலங்க வைப்பது. கண்ணும் அந்த விநாடியில் அடிவானத்தை விட்டுவிட்டு இருட்டான பைக்குள் போயிருந்தது. வேறென்ன வேண்டும்?

வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பயணிகள் ஜன்னலோரம் தலையை நீட்டிக்கொண்டிருக்க, டிரைவர் மட்டும் தெம்பாக ஓட்டிப் போவார். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவர் கைக்கு முன்னாலேயே தெரியும்; மூளை தயாராகிவிடுகிறது. செஸ்னாவிலும் அந்த வசதி உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. உங்கள் மனைவிக்கான வைத்தியத்தில் பெரும்பங்கு மாத்திரையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான். விமானம் ஓட்டும் நுணுக்கம் என் துறை இல்லை. கீழே சொல்லும் சிலவற்றைப் பயிற்றுநர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் இன்ஸ்ட்ரக்டரிடமும் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் பறங்கள். சூரியன் உதித்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் டெக்சாஸில்கூடக் காற்று அசையாமல் இருக்கும். பத்து மணிக்குத் தரையிறங்கியிருக்க வேண்டும். பகலில்தான் முடியும் என்றால் மேகத் திட்டுகளுக்குக் கீழே குலுங்கும், மேலே அமைதியாக இருக்கும். மேற்கே போகும்போது 4,500 அடி குலுக்கினால் 6,500-ஐ முயன்று பார்க்கலாம். ஆனால் மேகம் அடர்ந்து கீழே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும் நாளாக இருந்தால் வேண்டாம். அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள்.

திருப்பும்போது சாய்வு 15 பாகைக்குள் இருக்கட்டும். திருப்புவதற்கு முன்னால் வாயால் சொல்லுங்கள்: "இப்போ இடப்பக்கம் திரும்பப் போறேன், அந்த ஏரி வரைக்கும்." அவர் அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திருப்புங்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். இறங்குவதும் மெதுவாக: 3,000 அடி இறங்க நிமிடத்துக்கு 300 அடி என்றால் பத்து நிமிடம் ஆகும். 110 நாட் வேகத்தில் ஏறத்தாழ 18 கடல் மைலுக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். வெப்பக்காற்று விமானத்தை நூறு அடி தூக்கினால் உடனே மூக்கை அழுத்திப் பழைய உயரத்துக்கு இழுக்காதீர்கள். இடமிருந்தால் மிதக்க விட்டுவிட்டு, வேகத்தைக் குறையுங்கள். வழுக்கும் திருப்பம் வயிற்றுக்கு ஆகாது, ரடர் பெடலில் காலை வைத்து, வழுக்கலைக் காட்டும் கருவியின் பந்தை நடுவில் வையுங்கள். அப்புறம், காட்சி காட்டுவதற்காக வட்டமடிப்பதை அடியோடு விடுங்கள். மலையை ஒரு பக்கமாக வைத்து நேராகக் கடந்து போனாலே நன்றாகத் தெரியும்.

உங்கள் மனைவி முன் இருக்கையில்தான் உட்கார வேண்டும். தலையை இருக்கையில் சாய்த்து அசைக்காமல் வைத்து, தூரத்து அடிவானத்தைப் பார்க்கட்டும். போன், வரைபடம், கேமராவின் சின்னத் திரை எதுவும் வேண்டாம். கேபின் புழுங்கக் கூடாது. குளிர்ந்த காற்று நேராக முகத்தில் படட்டும். சத்தம் குறைக்கும் நல்ல ஹெட்செட் களைப்பைக் குறைக்கும். மகளை முதல் சில தடவை தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அந்தக் குழந்தை மேல் தப்பில்லை, ஆனால் பின்னால் ஒரு குழந்தை இருக்கும்வரை எந்த அம்மாவாலும் திரும்பாமல் இருக்க முடியாது.

வெறும் வயிற்றோடு ஏற்ற வேண்டாம். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், கொஞ்சம் தண்ணீர் போதும். எண்ணெய்ப் பலகாரமும் வயிறு முட்டிய சாப்பாடும் ஆகாது. இஞ்சி? மலைப் பாதை பஸ்களில் விற்கும் இஞ்சி மொரப்பா நம் எல்லோருக்கும் தெரியும். ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை, சிலருக்குக் கேட்கிறது. கெடுதல் இல்லை, வாயில் அடக்கிக்கொள்ளட்டும். எலுமிச்சம்பழம் மோந்து பார்ப்பதும் அப்படித்தான். குறைந்தபட்சம் பெட்ரோல் வாடையை மறைக்கும். மணிக்கட்டில் கட்டும் பட்டைக்கு நான் பணம் செலவழிக்க மாட்டேன், உங்கள் இஷ்டம். சீராக மூச்சு விடுவதை இவற்றோடு சேர்க்க வேண்டாம். அது உண்மையிலேயே உதவுகிறது. வயிறு எழும்பி இறங்கும்படி மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். குமட்டல் முற்றிய பிறகு தொடங்கினால் பயன் குறைவு, வீட்டிலேயே பழகி வரச் சொல்லுங்கள்.

மாத்திரை. எமிசெட் என்பது ஆன்டன்செட்ரான். கீமோதெரபி வாந்திக்கும், வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் அருமையான மருந்து. பயணக் குமட்டலுக்கு அது கேட்பதில்லை, ஏனென்றால் அந்தக் குமட்டல் கிளம்பும் பாதையே வேறு. தமிழ்நாட்டில் வாந்தி என்றாலே எமிசெட் என்று ஆகிவிட்டதால் இந்தக் குழப்பம் எனக்குப் புதிதில்லை. தூக்கம் வராத அலர்ஜி மாத்திரையான செட்ரிசினும் இதற்கு உதவாது. அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைப்பதில் மெக்லிசின் நல்லது. கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால். டைமென்ஹைட்ரினேட், அதாவது பழைய டிராமமின், வேலை செய்யும், தூக்கம் அதிகம். ஊரிலிருந்து யாராவது ஸ்டூஜெரான் கொண்டுவந்து கொடுத்தால் அது சின்னாரிசின். இரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். எப்போதாவது ஒன்று பரவாயில்லை, மாதக்கணக்கில் தினமும் போடக் கூடாது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டைக்கு அங்கே மருத்துவர் சீட்டு வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரம் முன்னால் ஒட்டினால் மூன்று நாள் வரை இருக்கும். வாய் உலரும், வியர்வை குறையும், டெக்சாஸ் வெயிலில் அதைக் கவனிக்க வேண்டும். குறுகிய கோண கிளாக்கோமா உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். எந்த மருந்தானாலும் கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு இருந்தால் முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். முதல் தடவையை வீட்டில், அவர் கார் ஓட்டாத ஒரு நாளில் போட்டுப் பார்க்கட்டும்.

'நாலு தடவை பறந்தால் பழகிவிடும்' என்று உங்கள் அம்மா சொன்னதில் பாதி உண்மை. பழக்கம்தான் இருப்பதிலேயே சிறந்த மருந்து. விமானப் படைகளும் பயிற்சி விமானிகளைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான் பழக்குகின்றன. ஆனால் வாந்தி எடுத்துக்கொண்டே பல்லைக் கடித்துப் பறந்தால் மூளை வேறு பாடத்தைக் கற்றுக்கொள்ளும்: விமானம் என்றால் வாந்தி. ஹேங்கர் வாசனைக்கே வயிறு புரள்வது அந்தப் பாடம் ஏற்கெனவே ஏறிவிட்டதற்கு அடையாளம். அதை அழிக்க, விமானத்தில் உட்கார்ந்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவம் பல தடவை வேண்டும்.

ஆகவே எஞ்சினைப் போடாமல் ஆரம்பியுங்கள். ஹேங்கருக்கு வெளியே, கதவைத் திறந்து வைத்து, இருவரும் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வாருங்கள். இன்னொரு நாள் எஞ்சினை ஓடவிட்டு, விமானம் தரையில் ஊர்ந்து போகும் டாக்ஸிவேயில் ஒரு சுற்று. அதற்குப் பிறகு விடியலில் ஏறி ரன்வேயை ஒரு வட்டம் சுற்றி இறங்குங்கள், கால் மணி நேரம் போதும். அது சுலபமாக இருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். மாதம் ஒரு தடவை நீளமாகப் பறப்பதைவிட வாரம் இரண்டு தடவை குட்டியாகப் பறப்பது மேல். இடைவெளி விட்டால் பழகியது கரைந்துவிடும்.

எப்போது இறங்குவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஆனால் அவர் சொல்வதற்காகக் காத்திருக்க வேண்டாம். நம் வீட்டுப் பெண்கள் பலர் கடைசி நிமிஷம் வரை "ஒண்ணுமில்லை" என்றே சொல்வார்கள். வாந்திக்கு முன்னால் அடையாளங்கள் வரும். தொடர்ந்து கொட்டாவி விடுவார். பேச்சு நின்றுவிடும். எச்சில் விழுங்கிக்கொண்டே இருப்பார், மேலுதட்டில் வியர்வை துளிர்க்கும். முதல் கொட்டாவியிலேயே திரும்பிவிடுங்கள். அதையும் மீறி வந்துவிட்டால், ஜிப் வைத்த பையும் ஈரத்துண்டும் அவர் மடியிலேயே இருக்கட்டும்; நீங்கள் குனிந்து தேட வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் வேலை விமானத்தை நேராக ஓட்டுவது மட்டும்தான்.

கொஞ்சம் தெம்பு வந்ததும், அவருக்கு விருப்பமிருந்தால், இன்ஸ்ட்ரக்டர் ஒருவரோடு ஒன்றிரண்டு பாடம் எடுக்கச் சொல்லுங்கள். விமானிகளின் துணைகளுக்கென்றே, ஆபத்தில் விமானத்தை இறக்கும் அளவுக்குச் சொல்லிக்கொடுக்கும் 'பிஞ்ச் ஹிட்டர்' வகுப்புகள் அமெரிக்காவில் உண்டு. யோக் என்ற விமான ஸ்டியரிங்கைத் தன் கையில் பிடித்து, இப்போது திருப்பப் போகிறேன் என்று தானே முடிவு செய்து திருப்பும்போது வால்பாறை டிரைவருக்கு இருக்கும் அதே வசதி அவருக்கும் கிடைக்கிறது. கணவர் இல்லாமல் கற்றுக்கொள்வது நல்லது. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கணவர்களைப் பற்றி நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

மார்ஃபாவை மட்டும் இந்த அக்டோபரில் விட்டுவிடுங்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து உங்கள் விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம். அது வெப்பக்காற்றுக்குப் பேர்போன ஊர். 1970-இல் உலக கிளைடர் போட்டியை அங்கே நடத்தியிருக்கிறார்கள். எஞ்சின் இல்லாத விமானங்கள் ஏறுவதற்கு வசதியான காற்று உங்கள் மனைவிக்கு வசதியாக இருக்காது. மகளுக்கு ஆசை காட்டிவிட்டீர்கள் என்றால் மூவரும் காரில் போய் வாருங்கள், வளைவு இல்லாத நெடுஞ்சாலைதான். விமானத்துக்கு ஃப்ரெடரிக்ஸ்பர்க்கையே வைத்துக்கொள்ளலாம்: 40 நிமிடம், காலை ஏழு மணிக்குக் கிளம்பி, வட்டமடிக்காமல். திரும்பும் வழியில் வேண்டாம் என்று தோன்றினால் அவர் காரில் வர ஒரு நண்பரை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெரும்பாலும் அந்தக் கார் தேவைப்படாது. ஆனால் அது காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.